புளியமரத்தடியும் டீக்கடையும்: ஒரு லோடு வண்டி ஸ்டாண்டில் நடந்த கம்பெனிச் சண்டை

பின்னணி

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 2021 முதல் நான் மேலாளர். 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிறகு முளைத்த நிறுவனங்களில் எங்களுடையதும் ஒன்று. கீழ்நாட்டுத் தக்காளி, கத்தரி, முருங்கை ஒரு பக்கம். வடகாடு, பாச்சலூர் மலையிலிருந்து வரும் பீன்ஸ், சவ்சவ், வாழை இன்னொரு பக்கம். எல்லாம் எங்கள் சேகரிப்பு மையத்துக்கு வந்து, தரம் பிரித்து, சந்தைக்குப் போகும். நிறுவனத்துக்குச் சொந்த வண்டி கிடையாது. மையத்தின் வாசலில் இருக்கும் லோடு வண்டி ஸ்டாண்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு.

ஸ்டாண்டில் அப்போது 17 வண்டிகள். எல்லாம் ஓட்டுபவரே உரிமையாளராக இருக்கும் சின்ன வண்டிகள். 2005-ல் டாடா ஏஸ் வருகிற வரைக்கும் இந்தப் பக்கம் காய் ஏற்ற இரண்டே வழிதான்: மூன்று சக்கர லோடு ஆட்டோ, இல்லையென்றால் பெரிய டெம்போ. முக்கால் டன் தூக்கும் அந்த வண்டிக்கு ஊர் வைத்த பெயர் குட்டி யானை. அப்புறம் மகிந்திரா பிக்கப் பெருகியது. 2011-ல் ஓசூரிலிருந்து ஒன்றேகால் டன் தூக்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. 2019-ல் டாடா இன்ட்ரா வந்தது. கையில் கொஞ்சம் முன்பணமும் ஜாமீன் போட ஒரு ஆளும் இருந்தால் யாரும் வண்டி முதலாளி ஆகலாம் என்ற நிலை வந்தது.

எங்கள் ஸ்டாண்டில் 9 வண்டிகள் ஒரு கம்பெனி, 7 வண்டிகள் இன்னொரு கம்பெனி. எந்தெந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர்களும் கட்சி பிரிந்துவிடுவார்கள், எனக்கு அந்த அனுபவம் போதும். ஒன்பதை ‘நீலம்’ என்றும் ஏழை ‘வெள்ளை’ என்றும் வைத்துக்கொள்வோம். பதினேழாவது வண்டி ஒரு பெரியவரின் பழைய குட்டி யானை. அதை இரண்டு கட்சியும் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில் விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவர் அந்தப் பெரியவர்தான்.

முதலில் கண்டது

நீலம் புளியமரத்தடியில் நிற்கும், வெள்ளை சாலைக்கு எதிரே டீக்கடை ஓரம் நிற்கும். இதை யாரும் சட்டமாகப் போட்டதில்லை. புதிதாக வண்டி எடுத்துக்கொண்டு வந்த ஒரு பையன் நிழல் இருக்கிறதே என்று வெள்ளை வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினான். அரைமணி நேரத்தில் அவனே நகர்த்திக்கொண்டான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை.

பேச்சு எப்போதும் உண்டு. “உன் வண்டி மேட்டுல ஏறும்போது பிரசவ வலி மாதிரி முனகுதே மாப்ள” என்று இவர்கள் கேட்பார்கள். “முனகினாலும் ஏறுது பங்காளி, உன்னோடது பட்டறையிலல்ல குடும்பம் நடத்துது” என்று அவர்கள் திருப்புவார்கள். ஆயுத பூஜைக்கு யார் கட்சி வாழைமரம் பெரியது என்பதில் போட்டி. பின்கதவில் எதிர்க்கட்சியைச் சீண்டும் வாசகங்கள். தூர நின்று பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்தது, நானும் சிரித்திருக்கிறேன்.

2022 மே மாதம் ஒரு ராத்திரி அந்தச் சிரிப்பு நின்றது. பாச்சலூரிலிருந்து பீன்ஸ் ஏற்றி இறங்கிய வெள்ளை வண்டி ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்றுவிட்டது. பின்னால் காலியாக இறங்கிய மூன்று நீல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தாண்டிப் போயின. ஒருவர் மட்டும் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக, “கம்பெனிக்கு போன் போடுங்கண்ணே, உடனே வருவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம். சரக்கு சந்தைக்கு வந்தபோது ஏலம் முடிந்திருந்தது. மறுநாள் வாடிய பீன்ஸுக்குக் கிடைத்தது பாதி விலை. அந்த நட்டம் வண்டிக்காரருக்கு வரவில்லை, மூட்டைக்குச் சொந்தக்காரர்களான ஆறு விவசாயிகளுக்கு வந்தது. ஆறு பேரும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள்.

மலையேற்றம்

அதற்கு என்ன செய்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது சம்பவம். ஜூலையில் மலைக்கு உரம் ஏற்றும் வேலை வந்தது. 50 கிலோ காம்ப்ளெக்ஸ் மூட்டைகள். ஒன்றேகால் டன் வண்டிக்கு 25 மூட்டைதான் கணக்கு. ஒரு நீலம் 30 ஏற்றியது. ஒரு வெள்ளை 34. மறுநாள் நீலம் 38. அவர்களுக்குள் பந்தயம் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: வடகாட்டைத் தாண்டி, நிற்காமல், முதல் கியர் போடாமல் யார் ஏற்றுகிறார்களோ அவர்கள் கட்சிக்கு ஒரு வாரம் டீ.

வெள்ளைக் கட்சியின் மூத்தவர் 40 மூட்டை ஏற்றினார். மொத்தம் இரண்டு டன். ஏறியும் விட்டார். வினை திரும்பும்போது வந்தது. ஏற்றத்தில் ஜெயித்த உற்சாகத்தில் இறக்கத்துக்கும் வண்டி நிறையச் சவ்சவ் ஏற்றிக்கொண்டார். கீழ் கியரில் இன்ஜின் பிடித்து இறக்க வேண்டிய வண்டியை பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறார். டிரம் சூடேறிவிட்டால் எந்தக் கம்பெனி பிரேக்கும் பிடிக்காது. மலைப்பக்க வாய்க்காலில் வண்டியை அவரே இறக்கி நிறுத்தியதால் பள்ளத்துக்குப் போகவில்லை. கிளீனர் பையனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. அவனுக்கு வயது பத்தொன்பது.

இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்டதே எடைச்சீட்டைத்தான். அப்படி ஒன்று கிடையாது. இழுபறிக்குப் பிறகு கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது.

முதல் முடிவு: எடைச்சீட்டு

அந்த வாரமே எங்கள் மையத்தில் ஒரு விதி போட்டோம். ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடைக்குள் இருப்பதாக எடைமேடைச் சீட்டு இருந்தால்தான் வாடகை. சீட்டுக் காசு நிறுவனத்தின் பொறுப்பு.

காரணம் எளிது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. ஒரு தடவை மாட்டினால் ஒரு மாத டியூ போச்சு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘அவன் ஏற்றுகிறான், நான் ஏற்றாவிட்டால் என் வண்டிக்கு மானம் போகும்’ என்ற இடத்தில் அபராதக் கணக்கு யார் காதிலும் ஏறாது. விதி வெளியிலிருந்து வந்ததும் இரண்டு பக்கமும் நிம்மதியாகத் திட்டினார்கள். மேலாளர் விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது. தக்காளிப் பெட்டிக்குக் காய் 14 கிலோ, அதோடு பிளாஸ்டிக் பெட்டியின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வண்டி வாரியாக எத்தனை பெட்டி என்று சுவரில் எழுதி வைத்தோம். 120 பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் 80-க்குள் வந்தார்கள். நடைக் கூலியை அதற்கேற்ப உயர்த்த வேண்டியிருந்தது, இயக்குநர் கூட்டத்தில் அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் முதல் நாளிலிருந்தே வேலை செய்தது.

இரண்டாவது முடிவு: நோட்டுப் புத்தகம்

சண்டையின் வேர் அறியாமை என்று நினைத்தேன். எந்த வண்டி உண்மையில் நல்லது என்று எண்களில் காட்டிவிட்டால் வாய் அடங்கிவிடும் என்று நம்பினேன். காமர்ஸ் படித்தவனுக்கு வரும் வியாதி இது. ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தோம்: கிலோமீட்டர், டீசல், ஆயில், டயர், பட்டறைச் செலவு, வேலை பார்த்த இடம், வண்டி நின்ற நாட்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூன்று மாதம். எழுதியவர்களுக்கு மாதம் ஒரு சின்ன ஊக்கத்தொகை.

நவம்பரில் கூட்டிப் பார்த்தேன். முதல் விஷயம், டீசல் கணக்கில் பாதிப் பேர் பொய். நிறை வண்டியோடு மலை ஏறுகிற ஒரு வண்டி லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்ததாக எழுதியிருந்தது. இப்படிப் பொய் சொல்வதால் வண்டிக்காரருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. கம்பெனிக்காக எழுதிய பொய் அது. இரண்டாவது விஷயம், பொய்யை ஒதுக்கிவிட்டு, நம்பும்படி இருந்த நோட்டுகளை மட்டும் பார்த்தால் இரண்டு கம்பெனிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் சொற்பம். ஒரே கம்பெனி வண்டி வைத்திருந்த இரண்டு பேருக்கு நடுவில் இருந்த வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆயில் நேரத்துக்கு மாற்றுகிறவர், கிளட்சில் கால் வைத்தே ஓட்டுகிறவர், இந்தப் பிரிவுதான் எண்களில் தெரிந்தது.

இதைப் பெரிய காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினேன். சமாதானம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

டயர் செலவு வரிசையில் நீலம் கொஞ்சம் கூடுதல், வண்டி நின்ற நாட்களில் வெள்ளை கொஞ்சம் கூடுதல். போதுமே! ஆளுக்கு ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் காகிதம் பாதி கிழிந்திருந்தது, நின்ற நாட்கள் இருந்த பாதி. கிழித்தது யார் என்ற சண்டையில் கைகலப்பு வந்து, இரண்டு நாள் ஒரு வண்டியும் ஓடவில்லை. வெளியூர் வண்டி பிடித்துச் சரக்கை அனுப்பினோம்.

இன்னொன்றையும் இங்கே பதிய வேண்டும். மலையில் விபத்துக்குள்ளான மூத்தவர் அந்த இரண்டு நாளுக்குள் அதே வெள்ளைக் கம்பெனியில் இரண்டாவது வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். வாய்க்காலில் இறங்கிய வண்டி என்று எதிர்க்கட்சி பேசிய பேச்சுக்குப் பதில் அது. ஏற்கெனவே ஒரு டியூ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வண்டிக்கு எங்களிடம் லோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் சொன்னது

வேலைநிறுத்தம் முடிந்த அன்று குட்டி யானைப் பெரியவர் சீட்டுக் கொடுக்க உள்ளே வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்னத்துக்கு சார் மைலேஜ் கணக்கெல்லாம்? இது வண்டி மேல இருக்கிற பாசம்னு நெனச்சீங்களா?”

“வேற என்னங்க ஐயா?”

“பாக்கி.”

அவ்வளவுதான் சொன்னார், எழுந்து போய்விட்டார். நோட்டுகளை மறுபடி எடுத்தேன். நான் கூட்டாமல் விட்ட ஒரே பத்தி ‘வேலை பார்த்த இடம்’. அதில் எண் இல்லையே, எதற்குக் கூட்டுவது என்று விட்டிருந்தேன். ஒன்பது நீலமும் ஒரே பட்டறை. ஏழு வெள்ளையில் ஆறு இன்னொரு பட்டறை. ஏழாவது, புளியமரத்தடியில் நிறுத்திய அந்தப் பையன், இன்னும் கம்பெனி சர்வீஸில் இருந்தான்.

இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு காலத்தில் குருவும் சிஷ்யனும். பிரிந்தபோது ஆளுக்கு ஒரு கம்பெனி என்று பழகிக்கொண்டார்கள். இருவருமே கடனுக்கு வேலை பார்ப்பவர்கள். கிளட்ச் பிளேட் போனால் இன்று போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போகலாம், காசு தக்காளி சீசனில், இல்லை தீபாவளிக்கு. சிலருக்கு ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்தும் மெக்கானிக்தான். பாக்கி பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தவர்கள் மூன்றே பேர். கம்பெனி மாறுவது என்றால் பட்டறை மாறுவது. பட்டறை மாறுவது என்றால் மொத்தப் பாக்கியையும் ஒரே நாளில் எண்ணி வைப்பது. அது முடியாத இடத்தில், நான் மாற மாட்டேன், என் வண்டிதான் உசத்தி என்று சொல்லிக்கொள்வது ஒரு கௌரவம். நடுராத்திரியில் எதிர்க்கட்சி வண்டிக்கு உதவினால் அந்தச் செய்தி காலையில் தன் பட்டறைக்குப் போய்ச் சேரும் என்ற பயமும் அதில் இருந்தது. மே மாதம் தாண்டிப் போன மூன்று பேரும் இதைத் தனித்தனியாக என்னிடம் ஒப்புக்கொண்டார்கள்.

பாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வண்டி வீடு வந்த நாளைச் சொல்லும்போது கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாசம் எதிர் வண்டியை மலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லாது.

மூன்றாவது முடிவு

2023 ஜனவரியில் இரண்டு காரியம் செய்தோம்.

ஒன்று, பழுதுக்கு முன்பணம். வேலை பார்த்த ரசீது கொடுத்தால் 8,000 ரூபாய் வரை நிறுவனம் நேராகப் பட்டறைக்குக் கட்டும். எந்தப் பட்டறையானாலும் சரி. நடைக்கு 200 ரூபாய் வீதம் வாடகையில் பிடித்துக்கொள்வோம். கடன் என்று எழுத வேண்டாம், இவர்கள் உறுப்பினர்கள் இல்லை, வாடகை முன்பணம் என்று ஒப்பந்தம் போடுங்கள் என்றார் ஆடிட்டர். மொத்த ஒதுக்கீடு ஒரு லட்சம். இயக்குநர்களில் ஒருவர் நீலப் பட்டறைக்காரரின் மச்சான். அவர் கடைசிவரை ஒப்பவில்லை, ஓட்டெடுப்பில் நிறைவேற்றினோம்.

இன்னொன்று, வழியில் நின்ற வண்டிக்கு விதி. சரக்கை மாற்றி ஏற்றி வருகிறவருக்கு மீதித் தூரத்து வாடகையும் ஏற்றுகூலியாக 300 ரூபாயும், அன்றைக்கே கையில். அன்பினால் உதவுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால், “காசுக்குத்தான் ஏத்திட்டு வந்தேன்” என்று பட்டறையில் சொல்லிக்கொள்ள வழி இருந்தால்தான் இறங்குவார்கள் என்று தோன்றியது.

பிறகு நடந்தது

முதல் இரண்டு மாதம் யாரும் முன்பணம் கேட்கவில்லை. மார்ச்சில் அந்தப் புதுப் பையன் கேட்டான், அவனுக்கு இழக்க எதுவும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் 11 பேர் எடுத்திருந்தார்கள். ஒருவர் பாதியில் வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த 5,400 ரூபாய் இன்னும் வரவில்லை.

எதிர்பாராத உதவி வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதியிலிருந்து வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கோளாறு விளக்கு எரிந்தால் ஸ்பேனரோடு நிற்க முடியாது, ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பட்டறைக்காரர் ஸ்கேனர் வாங்கினார். நீலப் பட்டறைக்காரர், காது இருக்கும்போது மிஷின் எதற்கு என்றார். ஸ்டாண்டில் இருந்த இரண்டு புது நீல வண்டிகளுக்கும் விளக்கு எரிந்தது. ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பின்கதவு வாசகத்தை மறைத்துத் தார்ப்பாயைத் தொங்கவிட்டபடி, ஒரு நீல வண்டி வெள்ளைப் பட்டறைக்குள் நுழைந்ததைப் பெரியவர் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. மூன்று மாதம் கழித்து அது பகலிலேயே போனது.

மூத்தவரின் இரண்டாவது வண்டி ஒன்பது மாதம் ஓடியது. லோடு போதவில்லை. மூன்று டியூ சேர்ந்து நின்றதும், ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அவரே விற்றார். முன்பணம் முழுவதும் போயிற்று. வாங்கியவர் எந்தக் கட்சி என்பதைச் சொல்லத் தேவையில்லை, தன் கட்சிக்குள்தான் விற்பேன் என்று நின்று இருபதாயிரம் குறைவாகக் கொடுத்தார். அதில் என் பேச்சு எடுபடவில்லை.

கிளீனர் பையனுக்குக் கை கூடிவிட்டது. இப்போது எங்கள் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறான். டிரைவிங் பழகுகிறாயா என்று கேட்டால் சிரிக்கிறான்.

மறுபடி செய்வதாக இருந்தால்

அந்தக் காகிதத்தைப் பலகையில் ஒட்ட மாட்டேன். நோட்டு போடுவேன், அவரவர் நோட்டை அவரவரிடம் மட்டும் உட்கார்ந்து பேசுவேன். ஆயில் மாற்றாதவருக்கு அதைத் தனியாகச் சொன்னால் கேட்டிருப்பார். எல்லார் முன்னாலும் சொன்னபோது அது கம்பெனிப் பிரச்சினை ஆகிவிட்டது.

பட்டறைக்காரர்கள் இருவரையும் முதல் மாதமே போய்ப் பார்த்திருப்பேன். வண்டிக்காரர்களோடு எட்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகுதான் அவர்கள் வாசலுக்குப் போனேன். போனபோது இரண்டு பேருமே டீ வாங்கிக் கொடுத்து, நிலுவைப் பட்டியலை எடுத்துக் காட்டி, இதை எப்படி வசூலிப்பது என்று என்னையே கேட்டார்கள்.

மூத்தவர் இனிப்பு கொண்டுவந்த அன்று லோடு கணக்கைக் காட்டியிருக்க வேண்டும். கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் காட்டியிருக்க வேண்டும்.

இப்போதைய நிலை

புளியமரத்தடியும் டீக்கடையும் அப்படியேதான் இருக்கின்றன. பின்கதவு வாசகங்களும் இருக்கின்றன, பையன்கள் புதிதாக இன்னும் மோசமாக எழுதுகிறார்கள். 2023-ல் வழியில் நின்று சரக்கு மாற்றிய சம்பவங்கள் ஒன்பது. அதில் ஐந்து, கட்சி தாண்டி. ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற வாரத்தில் ஒரு நீல வண்டி பழனி சாலையில் அச்சு முறிந்து நின்றது. முந்தைய வருடம் ஜன்னல் வழியாக “கம்பெனிக்கு போன் போடுங்கண்ணே” என்று சொன்னவருடைய வண்டி. அன்று ஹோஸ் கிழிந்து நின்ற வெள்ளை வண்டிக்காரர் வந்து, 76 பெட்டியையும் மாற்றி ஏற்றினார். 300 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார். சந்தை வரும்வரை பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, உன் வண்டிக்கு செகண்ட் கியரே கிடையாது என்று பேசிக்கொண்டே வந்தாராம்.